பிறைக்குப் பிறை

காலை ஏழு ஐந்துக்கு சாய்குமாரின் கைக்கடிகாரம் ஏழு முப்பத்தெட்டு காட்டியது.

செல்போனைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதிலும் ஏழு ஐந்து. டிவியைப் போட்டார். செய்தி வாசிப்பவருக்குக் கீழே ஏழு ஆறு ஆகியிருந்தது. நேற்றுக் காலை இதே நாற்காலியில் உட்கார்ந்து சாவி கொடுத்து நிமிடம் பிசகாமல் வைத்த கடிகாரம். ஒரே நாளில் அரை மணிக்கு மேல் முந்திவிட்டது.

எழுபது வயதைத் தாண்டிய வாட்ச். நாளுக்கு ஒரு நிமிடம் கூடக் குறைய ஓடினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அரை மணி என்றால் உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அந்த யாரோ என்பதில் சாய்குமாருக்கு ஒரு பெயர்தான் இருந்தது. அப்துல் நாசர். ஏனென்றால் அந்தக் கடிகாரத்தில் பாதிதான் சாய்குமாருடையது. மறு பாதி நாசருடையது.

சாய்குமாருக்குக் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் கம்பெனி. அப்பா காலத்தில் தண்ணீர் பம்ப் மட்டும். இப்போது மகள் நவ்யா பார்த்துக்கொள்கிற புது ஷெட்டில் ஃபேன் மோட்டாரும் உண்டு. நாசருக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி, வீடு கோயமுத்தூரிலேயே கோட்டைமேட்டில். தொழிலில் ஒருவருக்கொருவர் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய ஸ்விஸ் கடிகாரங்கள் மேல் இருவருக்கும் ஒரே கிறுக்கு. கோயமுத்தூரில் இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். அங்கே பழக்கம். சாய்குமார் அவரை பாய் என்பார். நாசர் இவரை நாயுடு என்பார்.

நாலு வருடத்துக்கு முன்னால் குன்னூரில் ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர் ஒருவர் இறந்துபோனார். அவரிடம் ஒரு யுனிவர்சல் கடிகாரம் இருந்தது. ஜெனீவாவில் செய்தது. கிழமை, தேதி, மாதம், பிறை எல்லாம் காட்டும். ஓட்டப்பந்தய நேரம் அளக்கப் பக்கவாட்டில் இரண்டு பொத்தான். டயல் மறுபடி வர்ணம் பூசப்படாதது, வெள்ளை பழுத்து மோர் நிறத்துக்கு வந்திருந்தது. கூட்டின் விளிம்புகள் பாலிஷ் போட்டு மழுங்காமல் கூராக இருந்தன. பழைய கடிகாரத்தில் இந்த இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

இருவரும் தனித்தனியாகச் சேதி கேள்விப்பட்டார்கள். ஒருவருக்கொருவர் வேறு ஊரில் சாவு, வியாபாரம் என்று சாக்குச் சொல்லிவிட்டு ஒரே நாளில் மலை ஏறினார்கள். மேனேஜரின் மனைவி வீட்டு முன்னறையில் நாசர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"தாராபுரத்துல மையத்துன்னு சொன்னீங்க பாய்" என்றார் சாய்குமார்.

"உங்க திருப்பூர் எக்ஸ்போர்ட்டர் குன்னூருக்குக் குடி வந்துட்டாருங்களா?" என்றார் நாசர்.

அந்த அம்மாள் ஏலம் போட மறுத்துவிட்டார். "எனக்குச் சத்தம் ஆகாது. ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசி ஒரு முடிவோட வாங்க" என்றார். தோட்டத்தில் வெகுநேரம் நின்றார்கள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பி வந்து இருவருமாகச் சேர்ந்து வாங்கினார்கள்.

இறங்கும் வழியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு மாதம். எந்த மாதம் என்பதில் இடறியது. சாய்குமார் தமிழ் மாதம் என்றார். நாசர் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இதுலயே நெலா இருக்குதுங்களே. அதுகிட்டயே கேப்போம்."

அமாவாசை கழிந்து பிறை தெரிந்தால், மறுநாள் கடிகாரம் கைமாறும். கொடுக்கும்போது ஓடாமல் நின்றிருக்க வேண்டும். வாங்குகிறவர்தான் சாவி கொடுத்து, பல் குச்சியால் பக்கவாட்டுக் குழிகளை அழுத்தித் தேதியையும் பிறையையும் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியும் பழைய பக்கிளும் நாசர் வீட்டில் இருக்கும், கடிகாரம் மட்டும் போய் வரும். ஒரு ஐப்பசியில் மேகம் மறைத்துப் பிறை தெரியாமல் போய், தெரிந்ததா இல்லையா என்று ஒரு நாள் முழுக்க இருவரும் போனில் சண்டை போட்டிருக்கிறார்கள். அதைத் தவிர நாலு வருடத்தில் பேச்சு வந்ததில்லை.

இன்னொரு விதி உண்டு. அதைப் போட்டவர் சாய்குமார். பின்மூடியைத் திறப்பதாக இருந்தால் இருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். தனியாகத் திறந்தவருக்குத் தன் பாதி போய்விடும்.

"அத்தனை கடுசாவாங்க?" என்று கேட்டார் நாசர்.

"உள்ள திருகுல ஒரு கீறல் இல்ல பாய். எழுபது வருசமா யாரும் கெடுக்காம வெச்சிருக்காங்க. நம்ம கையில கெடக் கூடாது."

நாசர் யோசித்துவிட்டுக் கையை நீட்டினார். அதோடு முடிந்தது.

இந்த முறை வந்தது ரம்ஜான் பிறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோன்பு திறந்த கையோடு நாசர் வந்தார். ஒரு கையில் துணிப்பையில் கடிகாரம், மறு கையில் தூக்குப்போசி நிறைய நோன்புக் கஞ்சி. திங்கட்கிழமை காலை சாய்குமார் சாவி கொடுத்தார். அன்று பெங்களூரிலிருந்து ஃபேன் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். நாள் முழுக்க அவர்களோடு கம்பெனியைச் சுற்றினார். செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐந்துக்கு ஏழு முப்பத்தெட்டு.

காபியைக் குடிக்காமல் எழுந்து போய் லென்ஸைக் கண்ணில் பொருத்திப் பின்மூடியின் விளிம்பைப் பார்த்தார். மூடியை நெம்பும் இடத்தில் புதிதாக ஒரு கோடு இருப்பது போலத் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இல்லை. மறுபடி நேராகப் பிடித்தால் இருந்தது.

நாசரைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க நாயுடு. கஞ்சி எப்படி இருந்துச்சுங்க?"

"கஞ்சி நல்லா இருந்துச்சு பாய். வாட்ச்தான் சரியில்ல."

"ஏனுங்க, என்னாச்சு?"

"வேகமா ஓடுது. ஒரு நாளைக்கு அரை மணி."

நாசர் சிரித்தார். "உங்க கம்பெனிக்கு வந்துட்டா அதுவும் ஓவர்டைம் பாக்கோணுமில்லீங்க."

சாய்குமார் சிரிக்கவில்லை. "உங்ககிட்ட இருக்கறப்ப எப்படி ஓடுச்சு?"

"சுத்தமா ஓடுச்சுங்க. நாளுக்குப் பத்து செகண்டு முன்னப் பின்ன."

"எங்கிட்ட வந்து ஒரே நாள்ல கெட்டுப்போச்சுங்களா?"

"அதை நீங்கதான் சொல்லோணும்."

"பாய், மனசுல வெச்சுக்காதீங்க. மூடிய யாராச்சும் தொறந்தாங்களான்னு கேக்கறேன்."

அந்தப் பக்கம் மூட்டை விழும் சத்தம் கேட்டது. யாரோ விலை கூவினார்கள்.

"கேக்கறீங்களா நாயுடு, சொல்றீங்களா?"

"கேக்கறேன்."

"கேக்கறாப்பல இல்லீங்க." பிறகு, "லோடு வந்திருச்சு. வெச்சுடறேனுங்க" என்றார்.

போனைக் கீழே வைத்த பிறகு சாய்குமார் அந்தப் பேச்சைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இல்லை என்று நாசர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் நாசரின் டிரைவர் கம்பெனிக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே சிவப்புப் பெட்டி, ஓரங்களில் தங்க எழுத்து தேய்ந்தது. காகிதத்தில் மடித்த பழைய பக்கிள். உபரியாக வாங்கி வைத்திருந்த ஒரு கண்ணாடி.

"பாய் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

"வேற ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லீங்க சார்."

சாய்குமாருக்குப் புரிந்தது. நாசர் தன் பாதியை விட்டுவிட்டார். சந்தேகப்பட்ட மனிதனோடு பங்கு வேண்டாம் என்கிறார். அல்லது திறந்ததை ஒப்புக்கொள்கிறார். இரண்டில் எதுவாக இருந்தாலும் கடிகாரம் இப்போது முழுசாகச் சாய்குமாருடையது.

அன்று சாயங்காலம் வீட்டில் பெட்டிக்குள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். குன்னூரில் அந்த அம்மாளின் மேஜை மேல் பார்த்த அதே காட்சி. அன்றைக்கும் இதைத்தான் விரும்பினார். பங்கு என்பது நாசர் எழுந்து போகாததால் வந்த ஏற்பாடு. அதைத் தனக்குத் தானே மறைத்துக்கொண்டதில்லை. பெட்டியை மூடி பீரோவில் வைத்தார். நன்றாகத் தூங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸ் ஓட்டலுக்கு நாசர் வரவில்லை. நோன்பு மாதம், எப்படியும் வர மாட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு பல் டாக்டர் மட்டும், "என்னங்க, உங்க சம்பந்தி ஒரு சலாம்கூடப் போடக் காணோம் குரூப்புல" என்றார். நாசரையும் சாய்குமாரையும் அவர் சம்பந்தி என்றுதான் சொல்வது. பிள்ளைகளுக்குப் பதிலாக ஒரு வாட்சை வைத்து உறவானவர்கள் என்று. சாய்குமார் தோசையைப் பிய்த்தபடி, "லோடு சீசனுங்க" என்றார்.

திங்கட்கிழமை கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். வேகமாக ஓடினால் ஓடட்டும், முழுசாகத் தன்னுடையதாக ஒரு நாள் கட்டிப் பார்க்கலாம் என்று இருந்தது. பதினோரு மணி வாக்கில் புது ஷெட்டுக்குள் நுழைந்தார். நவ்யா மேஜையில் மோட்டார் வளையங்களை வரிசையாக வைத்து, சின்னத் திசைகாட்டி ஒன்றை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நகர்த்திக் காந்தம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் மோட்டாருக்கு உள்ளே வைக்கும் அந்த வளையங்கள் வெறும் வளையங்களாகத்தான் வாங்கி வரப்படும். ஷெட்டின் நடுவில் ஒரு மேடை இருக்கிறது. அதில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் கண் இமைக்கும் நேரத்தில் காந்தமாகிவிடும்.

சாய்குமார் மேஜையில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"நைனா, கைய எடுங்க. முள்ளு ஆடுது."

எடுத்தார். முள் நின்றது. மறுபடி கையைக் கொண்டுபோனார். முள் அவர் மணிக்கட்டைப் பார்த்துத் திரும்பியது. தள்ளினார். பழைய இடத்துக்குப் போனது. இன்னொரு முறை செய்தார்.

நவ்யா நிமிர்ந்தாள். "வாட்ச்சோடவா உள்ள வந்தீங்க?"

அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"பெங்களூர்க்காரங்க வந்தன்னைக்கும் இதைத்தானே கட்டியிருந்தீங்க? மேடை மேல கைய வெச்சுத் தட்டித் தட்டிப் பேசுனீங்க. நாங்க வேற நாலஞ்சு தடவை ரன் பண்ணிக் காமிச்சோம்."

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். கதவில் ஒரு போர்டு. செல்போன், ஏடிஎம் கார்டு, வாட்ச் உள்ளே கொண்டுவரக் கூடாது. தமிழிலும் இந்தியிலும் இருந்தது. வாசகம் சாய்குமார் சொன்னது. வாட்ச் என்ற வார்த்தையை அவர்தான் சேர்க்கச் சொன்னார்.

கடிகாரத்துக்குள் தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள் இருக்கிறது. அது விரிந்து சுருங்குகிற வேகம்தான் கடிகாரத்தின் வேகம். காந்தம் பட்டால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானது போல ஆகிவிடும், கடிகாரம் பறக்கும். ரேஸ்கோர்ஸ் ஓட்டலில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவரே சாய்குமார்தான். ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள், ஐபேட் உறை மேல் வைக்காதீர்கள், திடீரென்று வேகமாக ஓடினால் பதறாதீர்கள், முதலில் காந்தத்தைப் பாருங்கள் என்பார். அதற்கு மூடியைத் திறக்கக்கூட வேண்டாம். காந்தம் எடுக்கும் நீலப் பெட்டி ஒன்று அவர் வீட்டு மேஜையிலேயே இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு அது தோன்றவே இல்லை. நாசர்தான் தோன்றினார்.

மதியம் வீட்டுக்குப் போய் நீலப் பெட்டியின் மேல் கடிகாரத்தை வைத்தார். பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாக மேலே தூக்கினார். வேலை முடிந்தது. சாவி கொடுத்து நேரம் வைத்தார். மறுநாள் காலை ஏழு ஐந்துக்கு அதில் ஏழு ஐந்து இருந்தது.

"நாசர் மாமாகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் நவ்யா. இட்லித் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நேர்ல போய்ச் சொல்றேன் அம்மணி. போன்ல சொன்னா நல்லா இருக்காது."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"என்ற தப்புன்னு சொல்லுவேன். வேறென்ன சொல்றது?"

"பெட்டி?"

"எடுத்துட்டுத்தான் போறேன்."

"அவரு வாங்கிக்குவாருங்கறீங்க?"

"வாங்கற வரைக்கும் அங்கயே உக்காந்துட்டா போச்சு. குன்னூர்ல அவரு உக்காரலையா?"

நவ்யா சிரித்தாள். "போர்டுல உங்க போட்டோவையும் ஒட்டிடறேன். வாட்ச்சுக்குப் பக்கத்துல."

சிவப்புப் பெட்டியையும் பக்கிளையும் அதே மஞ்சள் பையில் போட்டுப் பக்கத்து சீட்டில் வைத்தார். கடிகாரம் கையில் இருந்தது. பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம் என்றும் நினைத்தார். ஓடுவதை நாசர் பார்க்கட்டும் என்று கட்டிக்கொண்டார்.

காரமடையில் மறுநாள் தேர். வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டிருந்தார்கள். பந்தல் போட்டு நீர்மோருக்கு அண்டா இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். பாய், தப்பு என்மேலதான். காந்தம் ஏறிப்போச்சு. நானே கொண்டுபோய் மேடையில கைய வெச்சிருக்கறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாசர் கொஞ்ச நேரம் வைவார். அப்புறம் போர்டைப் பற்றிக் கேட்டுவிட்டு வருடக்கணக்கில் சிரிப்பார். ஓட்டலில் எல்லோருக்கும் சொல்வார். சொல்லட்டும்.

காரின் கடிகாரத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். ஒன்றாக இருந்தன.

மண்டியில் கூட்டம் கலைந்திருந்தது. பாக்கின் துவர்ப்பு வாடை. ஓரமாகப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாசர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். நோன்பில் முகம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. சாய்குமாரைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க நாயுடு. உக்காருங்க." வெளியே பார்த்து, "ஒரு டீ கொண்டாங்கப்பா" என்றார்.

"நீங்க நோன்பு. எனக்கெதுக்குங்க."

"நான் குடிக்கலேன்னா நீங்களும் குடிக்கக் கூடாதா? வந்தவங்களச் சும்மா உக்கார வெக்கறது நோன்பு இல்லீங்க."

சாய்குமார் மஞ்சள் பையை மேஜைக்கு இந்தப் பக்கம், காலடியில் வைத்தார். நாசரின் பார்வைக்கு அது எட்டாது. டீ வந்தது.

"பாய், நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியுமுங்க. மொதல்ல நான் பேசிப்போடறேன். அப்புறம் நீங்க எவ்வளவு வேணாலும் பேசுங்க."

"இல்லீங்க பாய், நான் சொல்லிடறேன்..."

"நாயுடு." நாசர் கையைக் காட்டினார். "உங்க டீ ஆறிப்போவுது. குடிங்க. நான் பேசறேன்."

சாய்குமார் டம்ளரை எடுத்தார்.

"போன முறை என்ற கையில இருக்கறப்ப கோத்தகிரில ஒரு கல்யாணம். ஊட்டுக்காரி குல்சும் அப்பவே சொன்னா, அதை எதுக்குக் கட்டிட்டு வாரீங்கன்னு. கேக்கல. நல்ல பனிங்க. காலைல பாத்தா கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி புடிச்சு நிக்குது. டயலே தெரியல."

பெண்கள் பக்கம் யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நாசர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குப் போன் போட்டேன். அகமதாபாத்துல ஏதோ எக்ஸிபிஷன்ல இருந்தீங்க. ரிங் போச்சு, எடுக்கல. எடுத்திருந்தா சொல்லியிருப்பேன், அது நெசம். மறுக்கா போட்டிருக்கலாம். போடல, அதும் நெசம். துரு புடிச்சுருமோங்கற பயம் ஒரு பக்கம். கட்டிட்டு மலை ஏறுனதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்களோங்கறது ஒரு பக்கம். ஊடு வந்து மூடிய எடுத்துப்போட்டேன்."

"நீங்களேவா?"

"நானே. மூடி நெம்பற கத்திதான் இருக்குதில்லீங்க. மாத்திரை டப்பாவுல ஈரம் உறிஞ்சறதுக்கு ஒரு பொட்டலம் வருமில்ல, அதை நாலஞ்சு சேத்து, ஒரு டிபன் டப்பாவுல போட்டு, கூடவே இதையும் வெச்சு மூடுனேன். காஞ்சுருச்சு. மூடியப் போட்டேன். நல்லா ஓடுச்சு. ஓடுதேன்னு சொல்லாம விட்டுட்டேன்."

சாய்குமார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க அன்னைக்குப் போன்ல கேட்டீங்க பாருங்க, எனக்கு அப்படி ஒரு கோவம். செய்யாததக் கேட்டிருந்தா அவ்வளவு கோவம் வந்திருக்காதுங்க. நோன்பு வேற. இல்லேன்னு சொல்ல வாய் வரல, ஆமான்னு சொல்லவும் வரல. லோடு வந்திருச்சுன்னேன். லோடும் வரல, ஒன்னும் வரல." லேசாகச் சிரித்தார். "மறுநாள் பெட்டியக் குடுத்தனுப்பிச்சேன். அப்பவே வந்து நேர்ல சொல்லியிருக்கோணும். உங்க மூஞ்சியப் பாக்கறதுக்குத் தெம்பு இல்ல. நீங்களே வந்துட்டீங்க."

"பாய்..."

"இல்லீங்க. ரூல் நீங்க போட்டது. கை குடுத்தது நானு. மூடியத் தொறந்தவனுக்குப் பாதி கிடையாது. நான் இப்ப அதை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லல, அது ஏற்கெனவே உங்களுதுதான். என்ற வாயில இருந்து நீங்க கேக்கோணுமில்ல, அதுக்குச் சொன்னேன்."

அவர் பேசி முடித்துவிட்டார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தண்ணீர் குடித்த முகம் போல இருந்தது.

இனி பேச வேண்டியவர் சாய்குமார். காரமடையில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் அப்படியே இருந்தன. காந்தம் ஏறிப்போச்சு என்று தொடங்கினால் போதும். ஆனால் மூடியைத் தனியாகத் திறந்தால் பாதி போகும் என்பது பேசிக்கொண்ட விதி. நாசர் திறந்திருக்கிறார். காந்தத்தைப் பற்றி, விதி போட்ட அன்று ஓட்டலில் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நீ பாதி தப்பு, நான் பாதி தப்பு என்று ஆகும். பெட்டி மேஜைக்கு மேலே வரும். அடுத்த பிறைக்குக் கடிகாரம் கோட்டைமேட்டுக்குப் போகும்.

"பரவாயில்லீங்க பாய்" என்றார்.

அது மட்டும்தான் வந்தது. பிறகு பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். உள்ளே பெட்டி எதிலோ இடித்தது. நாசருக்குக் கேட்கவில்லை.

"அதென்ன, கட்டிட்டா வந்திருக்கறீங்க?"

சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. நாசர் மேஜைக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"ஒருக்காக் காட்டுங்க. கழட்ட வேண்டாம், பாத்துட்டுக் குடுத்துடறேன்."

சாய்குமார் கையைக் கொடுத்தார். நாசர் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். டயலின் சின்ன ஜன்னலில் நிலா முக்கால் வாசிக்கு மேல் ஏறி, நிறையப் போகிற நிலையில் இருந்தது. சரியாக வைத்திருக்கிறார் என்பது போலத் தலையசைத்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். அவருடைய தொப்பி சாய்குமாரின் முழங்கையில் உரசியது. பிறகு நிமிர்ந்து, உரக் கம்பெனி இனாமாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே நேரம்.

கையை விடவில்லை.

"இப்பச் சுத்தமா ஓடுதுங்களே நாயுடு. நான் மூடியத்தான் எடுத்தேன், உள்ள ஒன்னையும் தொடல, அல்லா மேல ஆணை. அன்னைக்கு அதுக்கு என்னதாங்க ஆயிருந்துச்சு?"